பச்சைக் கதவெதிரே நிற்கும் வண்டி

ராயபுரத்தில் கடலைப் பார்த்த அந்தச் சந்தில் மோட்டார் சைக்கிள் இருந்த வீடு ஒன்றே ஒன்றுதான். அதனால் யேசுதாஸ் எப்போது வேலைக்குப் போனான், எப்போது திரும்பினான் என்பதை அவன் மனைவி அடைக்கலமேரி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, தெருவுக்கே தெரியும். அவன் வேலை செய்யும் எண்ணூர்த் தொழிற்சாலையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கி, முகம் கழுவி, வாசலில் பீடி பற்றவைத்த பிறகும் அந்த வண்டிச் சத்தம் கேட்கவில்லையென்றால், பக்கத்து வீட்டு ஃப்ளோரன்ஸ் தலையை நீட்டிவிடுவாள்.

"இன்னா மேரி, உன் வூட்டுக்காரரு இன்னும் வர்ல? என் வூட்டுது பஸ்ஸுல தொங்கிகினு வந்து, நாஸ்டா துன்னு, ஒரு தூக்கமும் போட்ருச்சு."

"வண்டி மக்கர் பண்ணிகினு கீதுக்கா."

"பண்ணும், பண்ணும். வண்டி பாவம், அதுக்கு வாய் இருந்தா சொல்லும்."

இப்படி ஒரு சொல்லைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவதில் ஃப்ளோரன்ஸுக்கு நிகர் யாருமில்லை. அடைக்கலமேரி முறத்திலிருந்த நெத்திலியைத் தலை கிள்ளிக்கொண்டே அந்தச் சொல்லையும் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஐப்பசிக் காற்று கடலிலிருந்து உப்பும் கருவாட்டு வாடையுமாக வந்து விளக்கை அலைக்கழித்தது. மழை வரும் போலிருந்தது. வரவில்லை.

வண்டி வந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. யேசுதாஸ் வண்டியை உருட்டி வரவில்லை, ஓட்டிக்கொண்டுதான் வந்தான். வாசலில் நிறுத்தி, உள்ளே வந்து சட்டையைக் கழற்றினான். ஐந்து வயது ஐரீன் ஓடிப்போய் அவன் மடியில் ஏறிக்கொண்டு அவன் உள்ளங்கையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா கை வாசமா கீது."

நெத்திலிக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த அடைக்கலமேரியின் கை நின்றது. நடுரோட்டில் எஞ்சினோடு மல்லுக்கட்டி வந்த மனிதனின் கை. நகக்கண்ணில் கூடக் கறுப்பு இல்லை. சந்தன சோப்பு வாசம் அவள் நின்ற இடம் வரைக்கும் வந்தது. அவர்கள் வீட்டில் இருந்தது துணி சோப்பும், சனிக்கிழமைக்குச் சீயக்காயும்.

"எங்க நின்னுச்சு?"

"திருவொத்தியூர்ல."

"நேத்தும் அங்கதான்னு சொன்ன."

"நேத்தும் அங்கதான் நின்னுச்சு. நான் இன்னா பண்ணட்டும்?"

"காலைல போறப்போ?"

"அப்பவும் அங்கதான்." அவனுக்கே அது பொய் போலக் கேட்டிருக்க வேண்டும். தட்டைப் பார்த்தபடி சொன்னான். "மெய்யாலுமே மேரி. போறப்பவும் வர்றப்பவும் அதே எடம். பேய் புட்ச்ச மாதிரி."

"பேயி சோப்பு போட்டுக் கை கய்வி வுடுமா?"

அவன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். பசியில்லையாம்.

*

அந்த வண்டியை வாங்கியதில் அவளுக்கும் பங்கு உண்டு. மூன்றாவது கை மாறி வந்த பழைய வண்டி. வந்த அன்று தெருவே கூடி நின்று பார்த்தது. காசிமேட்டில் அவள் அப்பா புதுப் படகு கட்டும்போதெல்லாம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மெழுகுதிரித் திருநாளன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் திரியின் மெழுகை உருக்கி, மரத்தில் எங்கே சின்னத் துளை கண்ணில் படுகிறதோ அங்கே கட்டைவிரலால் அழுத்தி, மேலே நகத்தால் ஒரு சிலுவை கீறுவார். ஓட்டை என்றால் தண்ணீர். தண்ணீர் என்றால் சாவு. கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி வந்த அன்று அவளும் அப்படியே செய்தாள். பெட்ரோல் டாங்கின் மூடி நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. மழைத் தண்ணீர் இறங்கிவிடுமே என்று அதில் மெழுகை வைத்து அழுத்தி, சிலுவை கீறி, 'மாதாவே, நடு வழியில் இவரைக் கைவிடாதே' என்று வேண்டிக்கொண்டாள்.

மாதா கைவிட்டாளா, புருஷன் கைவிட்டானா என்பதுதான் இப்போது கேள்வி.

ஃப்ளோரன்ஸின் புருஷன் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தான். திருவொற்றியூர் மெயின் ரோட்டில், எண்ணெய் ஆலை தாண்டி, பச்சைக் கதவு போட்ட ஒரு வீடு. வாசலில் வண்டி. தின்பண்டம் விற்கும் பொம்பளை ஒருத்தி. பெயர் கூட விசாரித்து வைத்திருந்தார்கள். புஷ்பவல்லி.

"லாரி டிரைவரு பொண்டாட்டி," என்றாள் ஃப்ளோரன்ஸ். "அவன் பேரு உச்சிமாகாளியாம். பம்பாய்க்குப் போனா வர்றதுக்கு மாசம் ஆவுமாம். நான் ஒண்ணும் சொல்லல, மேரி. கண்ணால பாத்தத சொன்னேன்."

"நீ பாத்தியா?"

"எங்க வூட்டுக்காரரு பாத்தாரு. அவரு கண்ணும் என் கண்ணும் ஒண்ணுதான்."

அன்று மத்தியானம் அடைக்கலமேரி ஐரீனைத் தூங்க வைத்துவிட்டு, ரயில்வே மதிலோரம் இருந்த காஜா மொய்தீனின் பட்டறைக்குப் போனாள். அவன்தான் வண்டியை வாரத்துக்கு ஒருமுறையாவது பிரித்துப் போடுகிறவன். ஒரு ஸ்கூட்டரின் அடியில் படுத்திருந்தவன், அவள் சேலை நுனியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"வாக்கா. குந்து. டீ சொல்லட்டா?"

"வாணாம். எங்க வண்டிக்கு இன்னா நோவு? அத மட்டும் சொல்லு."

காஜா தலையைச் சொறிந்தான். "அல்லா மேல ஆணையா சொல்றேன்க்கா, எனக்கே வெக்கமா கீது. பிளக்க மாத்திட்டேன். பாயின்ட் தேச்சேன். கார்பரேட்டரப் பிரிச்சு, தாம்பாளத்துல வெச்சு, கொயந்தையக் குளிப்பாட்டுற மாதிரி கய்வினேன். இங்க வந்தா குதிர மாதிரி ஓடுது. மூடியத் தொறந்து பெட்ரோல் கீதான்னு பாப்பேன், ஒரே ஒத, கெளம்பிடும். பீச் வரிக்கும் ஒரு ரவுண்டு வுட்டும் பாத்துட்டேன். ஒரு இருமல் கூட இல்ல."

"அப்போ வண்டில கோளாறு இல்ல."

"வண்டில இல்ல."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். கையிலிருந்த துணியை அவசரமாக மடித்தான்.

"அக்கா, நான் வண்டியப் பத்தி மட்டும்தான் சொன்னேன்."

"வண்டில இல்லன்னா எதுல கீது?"

"அது எனக்கு எப்டிக்கா தெரியும்? நான் மெக்கானிக்கு. பாவமன்னிப்புக் குடுக்கற சாமியாரா?"

அவள் எழுந்து நடந்தாள். மதிலுக்கு அப்பால் கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. முடிகிற வழியாக இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவள் கட்டிய சேலையை மாற்றவில்லை. ஐரீனை ஃப்ளோரன்ஸிடம் விட்டாள். "என்னை எண்ணூருக்கு இட்டுகினு போ," என்றாள்.

"அங்க இன்னா கீது?"

"காத்து வாங்கணும். ஏன், என்னை ஏத்துனா வண்டி ஓடாதா?"

யேசுதாஸ் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு சாவியை எடுத்தான். பயந்தவன் மாதிரி இல்லை. அலுத்தவன் மாதிரி இருந்தான். அது அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. சட்டைக்கு மேல் சட்டை போட்ட மாதிரி, ஒரு முகத்துக்கு மேல் இன்னொரு முகம் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

வண்டி காசிமேட்டைக் கடந்தது. தண்டையார்பேட்டையைக் கடந்தது. ஒரு தடங்கல் இல்லை. வலது பக்கம் வீடுகளின் சந்துகளுக்கு நடுவே கடல் ஒவ்வொரு துண்டாகத் தெரிந்து மறைந்தது. முன்னால் தூரத்தில் புகைபோக்கிகள். அவள் காற்றும் வாங்கவில்லை, கடலும் பார்க்கவில்லை. அவன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே வந்தாள். எந்தக் கை எந்த விசையைத் திருகுகிறது, எந்தக் கால் எதை மிதிக்கிறது என்பதில் கண் வைத்திருந்தாள்.

எண்ணெய் ஆலையின் பிண்ணாக்கு வாடை வந்தது. எஞ்சின் ஒருமுறை இருமியது. அவன் கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இன்னொரு இருமல். பிறகு குதிரை முழங்கால் மடிந்த மாதிரி வண்டி தளர்ந்து, உருண்டு, ரோட்டோரமாக நின்றது.

எதிரே பச்சைக் கதவு.

"பாத்தியா?" என்றான் யேசுதாஸ். அந்தக் குரலில் ஒரு வெற்றி இருந்தது. "நான் எதுனா தொட்டனா? சொல்லு."

அவள் சொல்வதற்குள் கதவு திறந்தது. வந்தவளைப் பார்த்ததும் அடைக்கலமேரிக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. இரவெல்லாம் அவள் மனதில் வளர்த்து வைத்திருந்தது வேறு ஒருத்தியை. இவளுக்கு நாற்பதைத் தொடும் வயது. அகன்ற உடம்பு. நெற்றியில் அடுப்புக் கரி. ஒரு கண் கொஞ்சம் மாறுகண். அழகியாக இருந்திருந்தால் புரிந்துகொண்டிருக்கலாம். இவளிடம் வந்து நிற்கிறான் என்றால், அது அழகை விடப் பெரிய எதற்கோதான்.

"இன்னா அண்ணே, ஞாயித்துக்கெயமையும் லீவு இல்லியா உன் வண்டிக்கு?" என்று சிரித்த புஷ்பவல்லி, பின்னால் இருந்தவளைப் பார்த்தாள். "அண்ணியா? அடடே, வாங்க அண்ணி. வெய்யில்ல நிக்காதீங்க. அவரு இன்னும் நாலு ஒத ஒதைப்பாரு, திட்டுவாரு, அப்பால டீ குடிப்பாரு, அப்பால கெளம்பும். தெனமும் இதான் பூச."

"உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

"வாசல்ல நடக்கறது தெரியாம இருக்குமா அண்ணி?"

உள்ளே ஆப்பச்சட்டி அடுப்பில் இருந்தது. துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் போகிறவர்களுக்கு அவள் ஆப்பமும் வடகறியும் போட்டுக் கொடுக்கிறவள். கேட்காமலே ஒரு செம்புத் தண்ணீரும் சோப்பும் வாசல் கல்லில் வந்து உட்கார்ந்தன. சந்தன சோப்பு. யேசுதாஸ் அங்கிருந்த முக்காலியை அது எங்கே இருக்கும் என்று பார்க்காமலே கையை நீட்டி இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அடைக்கலமேரி அதைப் பார்த்தாள்.

அவன் உதைத்தான். திட்டினான். பிளக்கைக் கழற்றி ஊதினான். டீ வந்தது, அவளுக்கும் வந்தது, அவள் குடிக்கவில்லை. கடைசியில் டாங்க் மூடியைத் திருகினான். மூடி விடுபட்டபோது 'உஸ்' என்று ஒரு சத்தம். சோடா பாட்டில் சத்தம் போலத்தான்; ஆனால் அது வெளியே சீறவில்லை. முங்கி எழுந்தவன் முதல் மூச்சை இழுப்பது போல உள்ளே இழுத்தது. உள்ளே எட்டிப் பார்த்து, "பெட்ரோல்லாம் கீது," என்று மூடினான். ஒரே உதை. வண்டி கிளம்பியது.

"பாத்தியா? சூடு ஆறுனா எடுத்துக்குது," என்றான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். எண்ணூர் வரைக்கும் அந்த மூச்சு அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

வழியில் மறுபடியும் அப்படியே நின்று கிளம்பி வீடு வந்ததும், புதுக் கடலையெண்ணெய் டின்னை எடுத்து ஆணி வைத்து ஒரு துளை போட்டாள். கவிழ்த்தாள். 'களுக்' என்று கொஞ்சம் விழுந்து நின்றுபோனது. எல்லாப் பெண்களும் செய்வதைப்போல மறுமுனையில் இன்னொரு துளை போட்டாள். எண்ணெய் நூல் பிடித்தது போல இறங்கியது. ஏனென்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. உள்ளே காற்றுப் போனால்தான் வெளியே எண்ணெய் வரும்.

ஆணி அவள் கையிலேயே இருந்தது. கூடத்தில் யேசுதாஸ் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் வாசலுக்குப் போனாள். மூடி நடுவில் அவள் கட்டைவிரல் ரேகையோடு மெழுகு கெட்டிப்பட்டு உட்கார்ந்திருந்தது. மூச்சு விடும் துளையை அவளே அடைத்திருக்கிறாள். நிறுத்தி வைத்த நேரத்தில் கசிந்து சேரும் காற்று, வீட்டிலிருந்து கிளம்பினால் அந்தத் தூரம் வரைக்கும்தான் தாங்கும். எண்ணூரிலிருந்து கிளம்பினாலும் ஏறக்குறைய அதே தூரம். காஜா பட்டறையில் முதல் காரியமாக மூடியைத் திறந்துவிடுகிறான். அவனிடம் எப்படி நிற்கும்? பச்சைக் கதவு நடுவழியில் இருந்தது, அவ்வளவுதான்.

ஆணி முனை நுழையவில்லை; கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தாள். மந்திரித்த மெழுகைத் தரையில் போடக்கூடாது. மாதா படத்தின் முன் எரிந்துகொண்டிருந்த திரியின் குழியில் அதைப் போட்டு உருக விட்டாள். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எழுப்பிச் சொல்லிவிடலாம் என்று கூடத்துக்கு வந்தவள், அவன் முதுகைப் பார்த்தபடி நின்றாள்.

அந்த முக்காலி நினைவு வந்தது. பார்க்காமலே நீண்ட கை.

சொல்லவில்லை. இனி வண்டிக்கு நிற்கக் காரணம் இல்லை. பார்க்கலாம்.

*

திங்கட்கிழமை அவன் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு முன்னால் வந்துவிட்டான். செவ்வாயும் வந்தான். ஃப்ளோரன்ஸ் தலையை நீட்டி, பேச ஒன்றும் கிடைக்காமல் இழுத்துக்கொண்டாள். காஜா மொய்தீன் வழியில் பார்த்து, "நம்ம கை வேல எப்டிக்கா?" என்று மார்தட்டிக்கொண்டான். அவள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"வண்டி நிக்கலியா?" என்று சோறு போடும்போது யேசுதாஸிடம் கேட்டாள்.

"நிக்கல. அதிசயமா கீது."

"சந்தோஷமா சொல்லேன்."

"சந்தோஷந்தான்," என்றான். மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தான்; முள் எல்லாம் முடிந்த பிறகும்.

புதன்கிழமை மழை பிடித்தது. பஸ்காரர்கள் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். விளக்கு வைத்தாயிற்று. ஐரீன் சாப்பிட்டுவிட்டாள். பிறகுதான் வண்டிச் சத்தம் கேட்டது. அவன் தலையைத் துவட்டிக்கொண்டே, அவள் கேட்பதற்கு முன்னால் சொன்னான்.

"மறுபடியும் நின்னுகிச்சு மேரி. அதே எடம்."

அடைக்கலமேரி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். ஐரீனைப் பார்த்து, "போய் ஃப்ளோரன்ஸ் அத்தை வூட்ல கொஞ்ச நேரம் வெளையாடு," என்றாள். குழந்தை போனதும் கதவைச் சாத்தினாள்.

"நிக்கல."

"இன்னாது?"

"வண்டி நிக்கல. நிக்க முடியாது. மூடில கீற ஓட்டைய நான்தான் மெழுகு வெச்சு அடச்சேன், வாங்குன அன்னிக்கு. அதனாலதான் காத்து இல்லாம செத்துச்சு. ஞாயித்துக்கெயமை நான்தான் நோண்டி எடுத்தேன். இப்போ சொல்லு. வண்டி நின்னுச்சா, நீ நின்னியா?"

மழை ஓட்டில் கொட்டியது. யேசுதாஸ் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தான்.

"நான் நின்னேன்."

எதற்காகக் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது. அவளும் எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அவகிட்ட இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல. மாதா மேல—"

"மாதாவ இழுக்காத. ஏன் நின்ன? அத சொல்லு."

"ரெண்டு நாளு தாண்டி வந்துட்டேன்," என்றான் மெதுவாக. "இன்னிக்குத் தாண்ட முடியல. கால் தானா பிரேக்க மிதிச்சிட்ச்சு. பாய்லர் சத்தம் காதுக்குள்ளயே நிக்குது மேரி. ஷிப்ட் முடிஞ்சும் எறங்க மாட்டேங்குது. அங்க குந்துனா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவ ஆப்பத்த ஊத்திகினு இருப்பா. எவனோ வருவான், துன்னுவான், போவான். நான் கம்முனு குந்திகினு இருப்பேன். சத்தம் எறங்குனதும் எய்ந்து வந்துடுவேன். அவ்ளோதான்."

"வூட்ல குந்த முடியாதா?"

"வூட்ல?" அவன் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். "வாசப்படி மிதிச்சதும் கோர்ட்டு. எங்க நின்ன, ஏன் நின்ன, கை ஏன் வாசமா கீது. மெய் சொன்னப்போ நீ நம்பல. எப்டியும் நம்பப் போறதில்ல, பொய்ய சொன்னா இன்னான்னு தோணிச்சு."

"நான் கேட்டதாலதான் நீ அங்க போனியா? பயிய என் மேல போடு."

"நான் போகல. வண்டி நின்னுச்சு. மொதல்ல நின்னது வண்டிதான்."

முதலில் நிறுத்தியது எந்தக் கட்டைவிரல் என்பது இப்போது இருவருக்கும் தெரியும். அவள் தரையைப் பார்த்தாள். அவன் திடீரென்று கேட்டான்.

"மெழுகா வெச்ச?"

"மந்திரிச்ச மெழுகு."

"அது இன்னா படகாடி, ஓட்டையக் கண்டா அடைக்க?"

அவனுக்குத் தோள் குலுங்கியது. துண்டை வாயில் வைத்து அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அப்புறம் அவளுக்கும் உதடு கோணியது. கண்ணில் தண்ணீரோடு, "சிரிக்காதய்யா, கஸ்மாலம்," என்றாள். "எனக்கு இங்க வயிறு எரிஞ்சுகினு கீது."

சிரிப்பு அடங்கியது. எரிச்சல் அடங்கவில்லை, அவள் அதை மறைக்கவும் இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நிக்கணும்னு தோணுச்சுன்னா நில்லு. ஆனா நின்னேன்னு சொல்லு. வண்டி மேல போடாத. அது வாயில்லாதது."

"நீ கேக்க மாட்டியா?"

"கேக்க மாட்டேன்னு சொல்ல மாட்டேன். முயற்சி பண்றேன்."

மறுநாள் அவன் வந்தபோது பஸ்காரர்கள் வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ரொம்ப முன்னாலும் இல்லை, ரொம்பப் பின்னாலும் இல்லை. இந்த இடைவெளி எதில் சேர்த்தி என்று அவளுக்குப் புரியவில்லை. ரோட்டில் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கலாம். லாரிகள் மறித்திருக்கலாம். ஒரு டம்ளர் டீ குடிக்கும் நேரமாகவும் இருக்கலாம். கேள்வி நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அவள் குழம்புக் கரண்டியை இறுக்கிப் பிடித்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவன் பிசைந்தான். பக்கத்து வீட்டில் ஃப்ளோரன்ஸ் யாரையோ திட்டுவது கேட்டது. கேட்காமலிருப்பது இத்தனை வலிக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஒரு வாய் சாப்பிட்டான். இன்னொரு வாய்.

"இன்னிக்கு பாய்லர் ரூம்ல இன்னா ஆச்சு தெரிமா?" என்றான் யேசுதாஸ், தட்டைப் பார்த்தபடியே. "அந்த போர்மேன் கீறான் இல்ல, சொட்டத் தலையன்..."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் பாய்லர் ரூமைப் பற்றி அவளிடம் பேசியதில்லை. கரண்டியிலிருந்து குழம்பு அவள் பாதத்தில் சொட்டியது. கையை அசைத்தால் அந்தப் பேச்சு அறுந்துவிடுமோ என்று பயந்து, அடைக்கலமேரி அப்படியே குனிந்தவாக்கில் நின்றாள்.